உங்க ரெண்டாவது சாவி யார் கையில இருக்கு?

இன்னைக்கு எபிசோட் டூ-ஃபேக்டர் ஆதென்டிகேஷன் பத்தி. தமிழ்ல இரட்டைச் சரிபார்ப்புன்னு சொல்லலாம். "ஓடிபி தானே, அதுல பேச என்ன இருக்கு"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. சென்னையிலயோ பெங்களூர்லயோ உட்கார்ந்து இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்க போனோட சேர்த்து, தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வயல் வச்சிருக்கிற உங்க அப்பா அம்மா போனைப் பத்தியும் பேசப் போறோம். டெல்டா குடும்பங்கள்ல நிறைய இடத்துல இந்த ரெண்டு போனும் ஒரே பேங்க் அக்கவுண்ட்ல பிணைஞ்சு கிடக்கு.

முதல்ல தமிழ்நாட்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கலாம். பிஎம் கிசான் திட்டம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2019 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்சது. நிலம் வச்சிருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா 2,000 2,000-னு நேரா பேங்க் அக்கவுண்டுக்கு வரும். 2020-ல கொரோனா ஊரடங்கு நேரத்துல இந்தப் பட்டியல்ல தமிழ்நாட்டுப் பெயர்கள் திடீர்னு கூடிக்கிட்டே போச்சு. ஆகஸ்ட், செப்டம்பர்ல விசாரிச்சுப் பார்த்தா, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவங்க பட்டியலுக்குள்ள வந்திருந்தாங்க. நிலமே இல்லாதவங்க பேர்ல எல்லாம் பணம் போயிருந்துச்சு. அப்போ வேளாண்மைத் துறைச் செயலரா இருந்த ககன்தீப் சிங் பேடி, 110 கோடி ரூபாய்க்கு மேல தப்பா போயிருக்குன்னு சொன்னார். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்னு பல மாவட்டங்கள்ல சிபிசிஐடி வழக்கு போட்டுச்சு. கடலூர் மாவட்டத்தோட தென்கோடி, காட்டுமன்னார்கோயில் பக்கம், காவிரித் தண்ணி பாயிற டெல்டாதான். அதனால இது நம்ம ஊருக்குத் தொலைவான கதை இல்ல.

எப்படி உள்ளே போனாங்க? யாரும் சர்வரை உடைக்கல, பெரிய ஹேக்கர் யாரும் வரல. பெயரைச் சேர்க்கிற, ஒப்புதல் கொடுக்கிற அதிகாரம் இருந்த வேளாண்மைத் துறை லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் வெளி ஆட்கள் கைக்குப் போயிருந்துச்சு. தரகர்கள் ஆதார், பாஸ்புக் நகலை வாங்கி, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து ஒவ்வொரு பேரா ஏத்தினாங்க. கொடுத்தவங்க பல பேர் இது கொரோனா நிவாரணம்னு நம்பித்தான் கொடுத்ததா அப்போ செய்திகள் வந்துச்சு. அப்புறம் அந்த அக்கவுண்டுகள்ல இருந்து பணத்தைத் திரும்ப எடுத்தாங்க. ஒப்பந்த ஊழியர்களுக்கு வேலை போச்சு, அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனாங்க, பாஸ்வேர்டுகளை மாத்தினாங்க.

இந்த வழக்குல நான் கவனிக்கச் சொல்றது பாஸ்வேர்டோட குணம். பாஸ்வேர்டை ஒரு தடவை கொடுத்தா, கொடுத்ததுதான். வாங்கினவன் நாளைக்கும் உள்ளே போவான், ராத்திரி ரெண்டு மணிக்கும் போவான், இன்னொருத்தனுக்கும் சொல்லுவான். கொடுத்தவருக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது காரணின்னு ஒண்ணு இருந்தா, ஒவ்வொரு தடவையும் உரிமையாளரைக் கேட்டுட்டுத்தான் உள்ளே போக முடியும். தெரிஞ்சே துணை போற ஆளை அது தடுக்காது, உண்மைதான். ஆனா அவர் ஒவ்வொரு தடவையும் தன் கையால அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். "எனக்குத் தெரியாம நடந்துச்சு"ன்னு சொல்ல முடியாது. நிஜமாவே தெரியாதவருக்கு, முதல் நாளே போன் சத்தம் போட்டிருக்கும்.

இப்போ அடிப்படையைப் பார்ப்போம். நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்க மூணு வழி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணு: பாஸ்வேர்ட், பின் நம்பர். உங்க கையில இருக்கிற ஒண்ணு: போன், சிம், ஏடிஎம் கார்டு. உங்க உடம்புல இருக்கிற ஒண்ணு: கைரேகை, முகம். இதுல ரெண்டு வெவ்வேறு வகை சேர்ந்தாத்தான் டூ-ஃபேக்டர். ரெண்டு பாஸ்வேர்ட் வச்சா அது டூ-ஃபேக்டர் ஆகாது. ஒரே டைரியில ரெண்டையும் எழுதி வச்சா ரெண்டும் ஒண்ணா போயிடும்.

பேங்க் லாக்கரை நினைச்சுப் பாருங்க. பேங்க்காரங்க சாவி ஒண்ணு, உங்க சாவி ஒண்ணு. ரெண்டும் போட்டாத்தான் நகை வெளியே வரும். பூட்டு ரெண்டு இருக்கிறதால மட்டும் அது பாதுகாப்பு இல்ல. சாவி ரெண்டு வேற வேற ஆள்கிட்ட இருக்கிறதாலதான் பாதுகாப்பு. "சார், என் சாவியையும் நீங்களே வச்சுக்கோங்க"ன்னு உங்க சாவியை மேனேஜர் மேசையில வச்சுட்டு வந்தா, பூட்டு ரெண்டுதான், பாதுகாப்பு ஒண்ணுதான். இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க: ரெண்டு சாவியும் ஒரே இடத்துல சேரக் கூடாது.

இந்தியாவுல இந்த ரெண்டாவது சாவி நமக்குப் புதுசு இல்ல. ஆன்லைன்ல கார்டு போட்டு வாங்குறப்போ கூடுதலா ஒரு சரிபார்ப்பு கட்டாயம்னு ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1-ல இருந்தே கொண்டுவந்துச்சு. பல நாடுகள்ல கார்டு நம்பரும் பின்னாடி இருக்கிற மூணு இலக்கமும் போட்டா போதும்னு இருந்த காலம் அது. நமக்கு ஓடிபி இல்லாம காசு நகராதுன்னு பழகிப்போச்சு. 2016-ல வந்த யுபிஐயும் டூ-ஃபேக்டர்தான். ஆப்பை முதல்ல செட் பண்ணும்போது உங்க சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா போகும். அது அந்தப் போனையும் சிம்மையும் அக்கவுண்டோட கட்டிப்போடுது. அது கையில இருக்கிற சாவி. யுபிஐ பின், மனசுல இருக்கிற சாவி.

2025 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி புது விதிமுறை வெளியிட்டுச்சு. 2026 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறை. டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைக்குக் குறைந்தது ரெண்டு காரணி வேணும், அதுல ஒண்ணாவது அந்தந்தப் பரிவர்த்தனைக்குன்னே புதுசா உருவாகணும்கிறதுதான் பொது விதி. எஸ்எம்எஸ் ஓடிபியை நிறுத்தச் சொல்லல. அது மட்டும்தான் வழின்னு இருக்க வேண்டாம்னு கதவைத் திறந்து விட்டிருக்காங்க.

ஆக, பேங்க் அக்கவுண்டுக்கு ரெண்டாவது பூட்டை அரசாங்கமே போட்டுடுச்சு. உங்க ஜிமெயிலுக்கு? வாட்ஸ்அப்புக்கு? இன்ஸ்டாகிராமுக்கு? அதையெல்லாம் நாமதான் போடணும். இதுல மெயில் ரொம்ப முக்கியம். வேற எந்த அக்கவுண்ட்லயும் "ஃபர்காட் பாஸ்வேர்ட்" அமுக்கினா, ரீசெட் லிங்க் பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வருது. மெயிலுக்குள்ள ஒருத்தன் நுழைஞ்சுட்டா மத்த கதவுகளுக்கு அவனே சாவி செஞ்சுக்கலாம்.

சரி, எந்த வகை ரெண்டாவது சாவி நல்லது? இதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. 2019-ல கூகுள், நியூயார்க் பல்கலைக்கழக, கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து வெளியிட்டது. எஸ்எம்எஸ்ல வர்ற கோட், தானியங்கி பாட் தாக்குதல்களை 100 சதவீதம் தடுத்துச்சு. மொத்தமா எல்லாருக்கும் வலை வீசுற ஃபிஷிங்கை 96 சதவீதம் தடுத்துச்சு. ஆனா உங்களையே குறிவச்சு வர்ற ஆள்கிட்ட 76 சதவீதம்தான் தாங்குச்சு. போன் திரையில "நீங்கதானா?"ன்னு கேட்கிற முறை அதே இடத்துல 90 சதவீதம். தனியா வாங்கிச் செருகுற செக்யூரிட்டி கீ, அந்த ஆய்வுல மூணுலயும் 100.

இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது. எஸ்எம்எஸ் ஓடிபி எதுவும் இல்லாததை விட எவ்வளவோ மேல். ஆனா உங்களைத் தெரிஞ்சு, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறவன்கிட்ட அது பலவீனம்.

ஏன் பலவீனம்? மூணு காரணம். முதல் காரணம் சிம். போலி ஆவணம் காட்டி உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா, ஓடிபி அவன் போனுக்குப் போகும். 2019 ஆகஸ்ட்ல ட்விட்டர் தலைவரா இருந்த ஜாக் டோர்சியோட ட்விட்டர் அக்கவுண்டையே இப்படி அவர் நம்பரைக் கைப்பற்றித்தான் பிடிச்சாங்க. இந்தியாவுல சிம் மாத்தின ஏழு நாளுக்குள்ள நம்பரை வேற நிறுவனத்துக்கு மாத்த முடியாதுன்னு டிராய் 2024 ஜூலை 1-ல இருந்து விதி கொண்டுவந்திருக்கு. இருந்தாலும், பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சிக்னல் இருந்து உங்க போன்ல மட்டும் திடீர்னு சிக்னல் போய் மணிக்கணக்கா வரலைன்னா, உடனே வேற போன்ல இருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிடுங்க.

ரெண்டாவது காரணம் போலி ஆப். பிஎம் கிசான் பேர்லயே ஏபிகே ஃபைல் வாட்ஸ்அப் குரூப்கள்ல சுத்துச்சு, போலீஸ் எச்சரிக்கை விட்டாங்க. "தவணை நிக்கப் போகுது, இதை இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு வரும். இன்ஸ்டால் பண்ணினா எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துட்டா அப்புறம் ஓடிபி வர்றதை அவன் உங்களுக்கு முன்னாடியே படிச்சிருவான். பாஸ்வேர்ட் டைப் பண்றதும் அதே போன்ல, ஓடிபி வர்றதும் அதே போன்ல. ரெண்டு சாவியும் ஒரே பையில.

மூணாவது காரணம்தான் பெருசு. நாமளே வாயால படிச்சுக் காட்டுறது.

இங்க டெல்டா வீடுகளுக்கு வருவோம். குறுவை செப்டம்பர், அக்டோபர்ல அறுவடை, சம்பா பொங்கலை ஒட்டி ஜனவரி, பிப்ரவரியில. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் கொடுத்து நெல்லைப் போட்டா, பணம் கையில தர்றதில்ல, அக்கவுண்டுக்குத்தான் வரும். 2025-26 பருவத்துக்கு சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டை 250 போட்டா 100 குவிண்டால். அதாவது 2,54,500 ரூபாய் ஒரே நாள்ல அக்கவுண்ட்ல வந்து விழும். அதுல கூட்டுறவு சங்கத்துக் கடன், உரக்கடை பாக்கி, அறுவடை மெஷின் வாடகை, தங்கச்சி ஃபீஸ் எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு. மாசச் சம்பளக்காரருக்கு ஒரு மாசம் போனா அடுத்த மாசம் இருக்கு. இங்க அது ஒரு போகத்து உழைப்பு மொத்தமும்.

அந்த அக்கவுண்டுக்கு எந்த நம்பர் கொடுத்திருக்கோம்? நிறைய வீடுகள்ல அது அப்பா நம்பரே இல்ல. காலேஜ் படிக்கும்போது பையன் நம்பர் கொடுத்தது. இல்லைன்னா அக்கா நம்பர். அப்பா பேங்குலயோ இ-சேவை மையத்துலயோ நிப்பார். ஓடிபி சென்னைக்குப் போகும். அவர் போன் போட்டு, "தம்பி, ஏதோ நம்பர் வந்திருக்காம், சொல்லு"ன்னு கேட்பார். நாம மீட்டிங்குக்கு நடுவுல, என்ன மெசேஜ்னு கூடப் பார்க்காம ஆறு இலக்கத்தைச் சொல்லிட்டு கட் பண்ணுவோம்.

இதுல என்ன பிரச்சினைன்னா, ஓடிபிங்கிறது போன்ல ஒருத்தர் கேட்டா இன்னொருத்தர் சொல்ற விஷயம்னு குடும்பத்துல பழக்கம் ஆயிடுது. நாளைக்கு ஒருத்தன் மரியாதையா, "ஐயா, பேங்க்ல இருந்து பேசுறேன், நெல்லுப் பணம் ஏறல, கேஒய்சி முடிக்கணும், ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க"ன்னு கூப்பிட்டா, அப்பாவுக்கு அது விசித்திரமா தெரியாது. வீட்ல எப்பவும் நடக்கிறதுதானே. எச்சரிக்கை வாசகம் இங்கிலீஷ்ல வந்தா அதையும் அவர் படிக்கப் போறதில்ல.

அதனால ஓடிபியை நம்பர்னு சொல்லிக் கொடுக்காதீங்க. கையெழுத்துன்னு சொல்லிக் கொடுங்க. நம்ம ஊர்ப் பெரியவங்க வெத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டாங்க. படிக்கத் தெரியாதவங்க கூட, படிச்சுக் காட்டச் சொல்லிட்டுத்தான் கைநாட்டு வைப்பாங்க. அந்த ஜாக்கிரதை அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. "இந்த ஆறு நம்பரைச் சொல்றது கைநாட்டு வைக்கிற மாதிரி"ன்னு ஒரு தடவை சொன்னா போதும், நம்மளை விட அவங்க கெட்டியா பிடிச்சுக்குவாங்க. கூடவே ரெண்டு விதி. நீங்களா போய்க் கேட்காம வந்த ஓடிபி, பெத்த பிள்ளை கேட்டாலும் கிடையாது. யுபிஐ பின் போட்டா காசு வெளியேதான் போகும், காசு வாங்க பின் போடவே வேண்டாம்.

சரி, என்னென்ன செய்யணும்? அடுத்த தடவை உழவன் எக்ஸ்பிரஸ்லயோ பஸ்லயோ ஊருக்குப் போகும்போது ஒரு மதியம் ஒதுக்குங்க.

ஒண்ணு. அப்பா அக்கவுண்டுக்கு அப்பா கையில இருக்கிற நம்பரையே மாத்துங்க. பேங்குக்கு அவரோடயே போய் எழுதிக் கொடுங்க. ஆதார்லயும் பழைய நம்பர் இருந்தா மாத்துங்க. ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய சிம் எதுவும் எந்த அக்கவுண்ட்லயும் இருக்கக் கூடாது. கைவிட்ட நம்பர் டிஸ்கனெக்ட் ஆகி, குறைந்தது 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போகலாம். அப்போ உங்க ஓடிபி அவருக்கு வரும்.

ரெண்டு. வாட்ஸ்அப். செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் வைங்க. "தெரியாம உங்களுக்கு ஒரு கோட் அனுப்பிட்டேன், சொல்லுங்க"ன்னு யாராவது ஏமாத்தி எஸ்எம்எஸ் கோடை வாங்கினா கூட, இந்தப் பின் இல்லாம அக்கவுண்டை உடனே திறக்க முடியாது. அம்மா வாட்ஸ்அப் போனா சொந்தக்காரங்க எல்லாருக்கும் "அவசரமா 5,000 அனுப்பு"ன்னு அம்மா பேர்ல மெசேஜ் போகும். பின்னுக்குப் பிறந்த வருஷம் வேண்டாம்.

மூணு. உங்க மெயில். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணுங்க. முடிஞ்சா எஸ்எம்எஸ்ஸை விட்டுட்டு ஆதென்டிகேட்டர் ஆப் வைங்க. முதல்ல ஒரு க்யூஆர் ஸ்கேன் பண்ணும்போது ஒரு ரகசிய எண் உங்க போனுக்கும் சேவைக்கும் பொதுவா பதிவாகும். அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பொதுவா 30 நொடிக்கு ஒரு தடவை புது கோட் காட்டும். சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். வயல் நடுவுல டவர் இல்லாத இடத்துலயும் வேலை செய்யும். ஆனா இந்தக் கோடையும் போன்ல படிச்சுக் காட்ட முடியும், போலி சைட்ல டைப் பண்ணவும் முடியும்.

அதுக்கும் மேல ஒண்ணு, பாஸ்கீ. 2022-ல ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூணும் சேர்ந்து இதுக்கு ஆதரவு தர்றதா அறிவிச்சாங்க. போனை எப்படித் திறக்கிறீங்களோ அதே கைரேகையிலயோ பின்லயோ உள்ளே போகலாம். உண்மையான சைட்டா இருந்தாத்தான் அந்தச் சாவி திரும்பும். படிச்சுக் காட்ட அதுல நம்பரே இல்ல. எங்கெல்லாம் பாஸ்கீ கேட்குதோ, அங்கெல்லாம் "சரி" கொடுங்க.

நாலு. போன் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. இதுக்குப் பயந்துதான் நிறையப் பேர் டூ-ஃபேக்டர் பக்கமே போறதில்ல. கூகுள் பத்து பேக்கப் கோட் கொடுக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். பேப்பர்ல எழுதி, ஊர்ல பீரோவுல பட்டா, பத்திரம் இருக்கிற ஃபைலோட வச்சுட்டு வாங்க. அதே போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சா பிரயோஜனம் இல்ல. போன் போனா அதுவும் போயிடும்.

அஞ்சு. வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல் எதுவா இருந்தாலும் தொடக் கூடாதுன்னு அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க. கல்யாணப் பத்திரிகைன்னு வந்தாலும் சரி, பிஎம் கிசான்னு வந்தாலும் சரி. அவங்க போன்ல எந்த ஆப்புக்கெல்லாம் எஸ்எம்எஸ் அனுமதி இருக்குன்னு செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க. தெரியாத பேர் இருந்தா எடுத்துடுங்க.

இவ்வளவும் செஞ்சும் ஏதாவது நடந்துட்டா, யார் மேல தப்புன்னு வீட்ல பஞ்சாயத்து வைக்க நேரம் இல்ல. உடனே 1930-க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க. சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதியலாம். பணம் ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க வழி இருக்கு. சீக்கிரம் சொல்லச் சொல்ல அந்த வாய்ப்பு கூடும். அதனால முக்கியமா ஒண்ணு: அப்பா ஏமாந்துட்டா உங்ககிட்ட சொல்லப் பயப்படுற மாதிரி வச்சுக்காதீங்க. "இது கூடத் தெரியாதா?"ன்னு நாம ஒரு தடவை கத்தியிருந்தா, அடுத்த தடவை அவர் ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்லுவார். அதுக்குள்ள அந்தப் போகத்துப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும்.

"அப்பாவுக்கு எதுக்கு இவ்வளவு, நானே பார்த்துக்கறேன்"னு சில பேருக்குத் தோணும். பாசத்துல சொல்றதுதான். ஆனா எல்லாச் சாவியும் உங்க போன்ல இருந்தா, உங்க போன் தொலையிற அன்னைக்கு ரெண்டு வீடு திறந்து கிடக்கும். அவர் உழைச்ச பணத்துக்கு அவரே கையெழுத்துப் போடட்டும். நீங்க கூட உட்கார்ந்து பழக்கி விடுங்க. ஒரு தடவையில வராது, ரெண்டு மூணு வாட்டி சொல்லணும். நமக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்ததும் ஒரே நாள்ல இல்லையே.

இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க. "அப்பா, உங்க பாஸ்புக்ல எந்த நம்பர் கொடுத்திருக்கீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. அந்தப் பதில்ல இருந்து ஆரம்பிச்சா போதும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.